பல்லி வாக்கும் ஐயாயிரம் குஞ்சும்

நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் சண்முகவேல் மூன்று நாளாகக் கோயில் மண்டபத்தில் கழுத்தை அண்ணாந்து உட்கார்ந்திருந்தார். விட்டத்தில் ஒரு பல்லி இருந்தது. அது கத்தினால் புதுக் குஞ்சு இறக்கலாம், கத்தாவிட்டால் கூடாது. பெண் பார்ப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் பல்லி வாக்குக் கேட்காமல் கைவைக்காத குடும்பம் அவருடையது.

தீவன விலை ஏறிக்கொண்டே போனது. முட்டைக்கு நாளுக்கொரு விலை. போன தடவை நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். இந்த முறையும் ஷெட் காலியாகக் கிடந்தால் பண்ணையை விற்றுவிட்டு மச்சினன் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான்.

அவர் மட்டுமா? இரண்டாம் நாள் ரிக் வண்டிக்காரர் பொன்னன் வந்தார், ஆழ்துளைக் கிணறு போட வெளிமாநிலம் போகலாமா என்று கேட்க. அடுத்து லாரி பாடி கட்டுகிறவர்கள். மூன்றாம் நாள் நாற்பது முதலாளிகள். பூசாரி டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். இருமியவர்களை வெளியே அனுப்பினார்கள். இத்தனை பெரிய மனிதர்கள் வாயைப் பொத்திக்கொண்டிருக்க, பல்லியும் வாயைத் திறக்கவில்லை.

"ட்யூப்லைட்டப் போட்டாக் கத்துமுங்களா?" என்றார் பொன்னன். போட்டார்கள். பல்லி நிதானமாகப் பூச்சி பிடித்துத் தின்றது.

அப்போது வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது. சண்முகவேலின் மனைவி மதுமதி இறங்கினாள். வேனுக்குள் பெட்டி பெட்டியாக ஐயாயிரம் குஞ்சுகள், காது கிழியும் கூச்சல்.

"நேத்தே ஆர்டர் சொல்லிப்போட்டனுங்க. ஷெட்டுச் சாவி உங்ககிட்டத்தான இருக்குது?"

"அடியே, இன்னும் வாக்கு கெடைக்கலியே!"

மண்டபமே கொந்தளித்தது. இனிப் பல்லி கத்தினாலும் யார் காதில் விழும்? அதன் தொண்டை அசைந்ததாக ஒருவர் சத்தியம் செய்தார். அது கொட்டாவி என்றார் இன்னொருவர். ஓட்டெடுப்பு நடத்திப் பார்க்கலாம் என்றார் பூசாரி.

"ஏனுங்க," என்றாள் மதுமதி, "அது நாளைக்குக்கூடச் சொல்லட்டும். இதுங்க பொறந்ததுல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலீங்க."

சண்முகவேலுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பயம் துளியும் குறையவில்லை. அதையும் கூட்டிக்கொண்டே போய் வேனில் ஏறினார்.

"சுருக்கா ஓட்டு சாமி," என்றார் டிரைவரிடம், "மொதல்ல தண்ணி வெக்கோணும்."