தோய்த்த அப்பம்

தயாபரி டீச்சர் வாய் திறந்தால் சபையில் மறுபேச்சு கிடையாது. வாவிக் கரையில் இருந்த அந்தச் சின்னத் தேவாலயத்தின் வாசலில் 'யாராயிருந்தாலும் உள்ளே வாங்க' என்று பலகை தொங்கியது அவளால்தான். கொரோனாக் காலத்தில் வந்த குட்டிக் கிளாசுகளை மூட்டைகட்டிவிட்டு, திருவிருந்துக்குப் பழையபடி ஒரே கிண்ணத்தைக் கொண்டுவந்ததும் அவள்தான். "ஆளுக்கொரு கிளாசில குடிச்சா அது தேத்தண்ணிக் கடை. ஒரு கிண்ணத்தில வாய் வச்சாத்தான் சபை" என்று கூட்டத்தில் வாய் கிழியப் பேசிக் கைதட்டும் வாங்கினாள். தடிமன், காய்ச்சல் என்று வரும் வருத்தக்காரர் மட்டும், கிண்ணத்தில் வாய் வைக்காமல், அப்பத்தைத் திராட்சை இரசத்தில் தோய்த்துச் சாப்பிடலாம் என்று போதகர் ஒரு விலக்கு வைத்தார். அதற்கும் டீச்சர் உதட்டைச் சுழித்தாள்.

விதுர்ஷா வந்தது மாசி மாதத்தில். வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போடுகிற வேலை அவளுக்கு. வீட்டார் அவளை மகன் என்றார்கள். அவள் தன்னைப் பெண் என்றாள், அதனால் வீடு இல்லாமல் போயிற்று. முன்பு போன ஒரு சபையில் ஆண்கள் பக்கம் இருக்கச் சொன்னார்கள், இன்னொன்றில் வெளியே இருக்கச் சொன்னார்கள். டீச்சரோ அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெண்கள் பக்கத்தில், தனக்குப் பக்கத்திலேயே இருத்தினாள். முகம் கோணியவர்களைத் திரும்பி ஒரு முறை முறைத்தாள். அதோடு எல்லாரும் நேரே பார்க்கத் தொடங்கினார்கள்.

மூன்று மாதம் வகுப்பு நடந்தது. விதுர்ஷாவை அங்கத்தவராகச் சேர்த்த ஞாயிறன்றே அவளுடைய முதல் திருவிருந்தும் வந்தது.

"டீச்சர், எனக்குப் பயமா இரிக்கு."

"நான் பக்கத்தில இருக்கன் புள்ள. பயப்பிடாத."

பீடத்தின் முன்னால் எட்டுப் பேர் முழங்காலில் நின்றார்கள். கடைசி ஆள் டீச்சர், அதற்கு முந்திய ஆள் விதுர்ஷா. போதகர் ஒவ்வொரு கையிலும் அப்பத்துண்டை வைத்துக்கொண்டு போனார். வாங்கியவர்கள் உடனே வாயில் போட்டார்கள், விதுர்ஷாவும் போட்டாள். பிறகு கிண்ணம் வந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, ஒரு மிடறு குடித்தாள். போதகர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பி, டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் கையிலிருந்த அப்பத்தை இரசத்தில் தோய்த்து எடுத்தாள்.

யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டாள் என்று சொல்லலாம். ஆனால் அப்பத்தை உடனே தின்னாமல் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தது யாருடைய கை? போதகர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். விதுர்ஷாவும் பார்த்தாள். அடுத்த வரிசையில் வந்த எட்டுப் பேரும் டீச்சரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். எட்டுப் பேரும் தோய்த்தார்கள்.

ஆராதனை முடிந்து தேத்தண்ணி கொடுக்கும்போது புஸ்பம் கிட்ட வந்தாள். விதுர்ஷா வந்த நாளிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தவள் அவள்.

"என்ன டீச்சர், நீங்களும் தோச்சீங்க?"

"தடிமன்."

"எனக்கும் அந்தத் தடிமன்தான்" என்று புஸ்பம் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தாள். இவ்வளவு நாளும் எதிர்க்கட்சியில் இருந்தவளைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்ட சிரிப்பு அது. டீச்சருக்கு உடம்பு கூசியது. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

விதுர்ஷா பஸ் நிறுத்தத்தில் குடைபிடித்து நின்றாள். டீச்சர் வேர்க்க விறுவிறுக்க ஓடிப்போய் நின்றாள்.

"புள்ள, நான் செய்தது பெரிய பிழை. எனக்குத் தடிமன் ஒண்டும் இல்ல."

"தெரியும் டீச்சர்."

கோபமாகச் சொல்லியிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பாள். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"மத்த ஆக்கள் செய்தா எனக்குப் பழக்கம். நீங்க செய்ததும், என்னில உண்மையாவே ஏதோ ஊத்தை இரிக்காக்கும் எண்டு நினைச்சுப்போட்டன்."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. நடுத்தெருவில், நல்ல வெயிலில், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அதைப் பார்த்து விதுர்ஷாவே பதறினாள்.

"ஐயோ, அழாதீங்க டீச்சர். அடுத்த மாசம் நான் கடைசி வரிசையில கடைசி ஆளா வாறன். எல்லாரும் குடிச்சு முடிய நான் குடிக்கன். ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லத்தானே?"

'வேண்டாம் புள்ள, நீ குடிச்ச பிறகுதான் நான் குடிப்பன்' என்று டீச்சர் சொல்லியிருக்கவேண்டும். சபையில் அத்தனை பேச்சுப் பேசிய வாய்க்கு அந்த ஒரு வரி பெரிய காரியமில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டைக் கேட்டதும் அவள் நெஞ்சில் முதலில் வந்தது நிம்மதி.

வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அது வந்து சேர்ந்தபோது விதுர்ஷாவை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டிருந்தது.