மாப்பிள்ளை போட்ட ஒயரிங்

படகுவீடுகள் கட்டியிருந்த துறையில் மறுபடியும் கரண்ட் போனபோது எலக்ட்ரீஷியன் யாரையும் விசாரிக்கவில்லை. நேராகத் தங்கை வீட்டுக்காரரின் படகுக்குப் போனார். எந்தப் படகிலிருந்தாவது ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் துளி கசிந்தாலும், கரையில் இருக்கும் டிரிப்பர் மொத்த வரிசையையும் அணைத்துவிடும். அந்த வரிசையில் உரிமையாளரே தன் கையால் ஒயரிங் செய்த படகு அது ஒன்றுதான். மச்சானிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டுமா என்று மாப்பிள்ளை தானே இழுத்துப் போட்டுச் செய்த வேலை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"உங்க டிரிப்பர்தான் மட்டம், மச்சான். அத எடுத்துட்டு டைரக்டா குடுங்க."

"தண்ணியில கரண்ட் இறங்குது மாப்ள. யாராவது விழுந்தா கை கால் இழுத்துக்கும். நீந்தக்கூட முடியாது."

பக்கத்துப் படகுக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவரவர் ஃப்ரிட்ஜில் எல்லாம் உருகிக்கொண்டிருந்ததால், நியாயம் மாப்பிள்ளை பக்கம்தான் என்று அவர்களுக்குப் பட்டது. துறை மேலாளர் எட்டிப் பார்த்து, குடும்ப விஷயம், பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நழுவினார்.

நாலு பேர் கூடினால் மாப்பிள்ளைக்கு வீராப்பு வந்துவிடும். சட்டையைக் கழற்றினார்.

"டைரக்ட் பண்ணுங்க. நானே குதிச்சுக் காட்டறேன்."

எலக்ட்ரீஷியன் டிரிப்பர் பெட்டியின் சாவியைத் தரமாட்டேன் என்றார். உடனே ஒரு படகுக்காரர் திருப்புளியோடு வந்து பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தார். உதவி என்றால் ஓடி வருகிற மனிதர்.

தங்கை படகிலிருந்து இறங்கி வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். செல்போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் புருஷன் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ எதுக்கு?" என்றார் மாப்பிள்ளை.

"கரண்ட் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க. நானும் குதிக்கறேன்."

மாப்பிள்ளை தண்ணீரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திருப்புளிக்காரர் முதல் ஸ்குரூவைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"சார், கொஞ்சம் இருங்க" என்றார் மாப்பிள்ளை.

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை விடாமலே நடந்துபோய், தன் படகின் ப்ளக்கைப் பிடுங்கினார். எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து டிரிப்பரை மேலே தள்ளினார். இந்த முறை அது அணையாமல் நின்றது; மற்றப் படகுகளில் கரண்ட் வந்தது. கூட்டம் தத்தம் ஃப்ரிட்ஜைப் பார்க்கக் கலைந்தது.

"அந்த ஒயரையெல்லாம் உருவிடுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை சட்டையைத் தேடிப் போனார்.

தங்கை போனை வாங்க வந்தாள்.

"நெஜமாவே குதிச்சிருப்பியாம்மா?"

"அவர் குதிச்சிருந்தா, வேற என்னண்ணா பண்றது?"