தலைக்கவசத்துக்குள் யாருமில்லை

அன்ரனிற்றாவின் கை மௌஸை விட்டு விலகியது.

திரையில் விண்கலத் தலைவனின் வெள்ளிநிற உடுப்பு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கையுறைகள் விசைகளைத் தட்டின. தலைக்கவசக் கண்ணாடிக்குள் மட்டும் ஒருவருமில்லை.

"லக்ஸன்! இஞ்ச ஓடி வா!"

அடுத்த அறையிலிருந்து கோப்பையோடு வந்தான் லக்ஸன். ஜெர்மனியின் ஹாலே நகரில் பழைய படச்சுருள்களைக் கணினிக்கு மாற்றித் தரும் அந்தச் சின்ன நிறுவனத்தில் இருந்ததே இவர்கள் இரண்டு பேர்தான்.

"ஆளைக் காணேல்லை அக்கா. கோப்பி குடிக்கப் போயிட்டார் போல."

"விசர்க்கதை கதையாதை. ரெண்டு மணிக்கு அவரின்ரை மகள் வாறா."

சுருள் 1986இல் எடுத்தது. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் ஒரு தொழிற்சாலையின் தொழிலாளர்கள் விடுமுறை நாள்களில் கூடி எடுத்த பதினெட்டு நிமிட விண்வெளிப் படம். மொசாம்பிக்கிலிருந்து ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்திருந்த அர்மாந்தோதான் கலத்தின் தலைவன். 'நாம் இறங்கப்போவது 2025இல்' என்பது அவன் பேசும் முதல் வசனம்.

பெர்லின் சுவர் விழுந்த பிறகு அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் செலீனா இங்கே பிறந்தது அதற்கப்புறம். ஊரிலேயே அவன் செத்தும் போனான். ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை. அப்பாவின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கத்தான் அவள் வருகிறாள்.

தப்பு அன்ரனிற்றாவுடையதுதான். தூசு துடைக்கும் செயலியில் 'எல்லாவற்றுக்கும் சம்மதம்' என்று ஒரே அழுத்தாக அழுத்திவிட்டாள். பளிச்சென்ற கண்ணாடிக்குள் இருந்த கறுப்பு முகத்தை அது அழுக்கென்று எடுத்துக்கொண்டு துடைத்துத் தள்ளிவிட்டது.

"துடைக்காத பிரதி இருக்குத்தானே?" என்றான் லக்ஸன்.

திறந்தாள். அதிலும் இல்லை!

சுருளையே எடுத்து ஒளிமேசையில் விரித்துப் பூதக்கண்ணாடியை வைத்தாள். எந்தச் செயலியாலும் தொட முடியாத இடம் அது. முன்பல் இடைவெளி தெரியச் சிரித்த அந்த முகத்தைக் காலையில் இதே மேசையில் பார்த்திருந்தாள். இப்போது வெறும் வெளிச்சம்.

"அக்கா..." லக்ஸனின் குரலில் பகிடி போயிருந்தது. "அந்தத் தலைக்கவசக் கண்ணாடியில தெரியிறது எங்கட ரியூப்லைட் எல்லே?"

அன்ரனிற்றா குனிந்தாள். இதே அறை. இதே மேசை. குனிந்திருக்கும் அவளுடைய முதுகு. அதற்கும் பின்னால், பாதி திறந்த கதவு.

சட்டென்று திரும்பினாள். கதவு பாதி திறந்திருந்தது.

"வரேக்க கதவைச் சாத்தினனியே?"

"ஓம் அக்கா. சாத்தினனான்."

படிக்கட்டில் காலடிச் சத்தம். இருவரும் கதவையே பார்த்தார்கள். வந்தது செலீனா. மூச்சு வாங்கியது.

"கீழே நிற்பது யார்? வெள்ளி உடுப்பில்... நடிகரா?" என்றாள் ஜெர்மனில்.

அன்ரனிற்றா கேட்டாள்: "எப்படி இருந்தார்?"

"என்னைவிட இளையவர். எனக்காக வாசல் கதவைத் திறந்து பிடித்தார். இது எந்த வருடம் என்று கேட்டார். 2025 என்றேன். அப்படிச் சிரித்தார்!" செலீனாவின் விரல் தன் முன்பற்களைத் தொட்டது. "இதே இடைவெளி."

அன்ரனிற்றா மெல்லச் சுருளைப் பார்த்தாள். இருக்கையில் உடுப்பும் இல்லை. அவிழ்த்த பட்டி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"செலீனா, அவர்..."

செலீனா காத்திருக்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.