சுருளில் போன நாற்பது வோல்ட்

எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் காலையிலேயே வெடித்துத் தொலைத்தது. எதிர்வரிசைக்கு வேறு லைன், அங்கே மட்டும் கரண்ட் இருந்தது. அண்ணனுக்கோ நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் மெஷினை நம்பித்தான் மூச்சு. கரண்ட் இல்லாவிட்டால் அந்த மெஷின் வெறும் பெட்டி. சிலிண்டர் கொண்டுவருகிறவன் ‘வந்துட்டே இருக்கேன்’ என்று சொன்னவன் சொன்னவன்தான், ஆளைக் காணோம்.

வீட்டில் கிடந்த, இரண்டு இழை முறுக்கிய வயரை எடுத்துக்கொண்டு ஓடினேன். எதிர்க்கடை தையல் மாஸ்டரின் பிளக்கில் ஒரு முனை, எங்கள் வீட்டுப் பிளக் பலகையில் மறு முனை. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளேயே அண்ணனின் உதடு நீலம் பாரித்துவிட்டது. மெஷின் மறுபடி ஓடிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

வயர் தேவைக்கு இரண்டு மடங்கு நீளம். நான் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவள். வயர் தளர்வாகக் கிடந்தால் எனக்குக் கை அரிக்கும். மீதியை இறுக்கி, அடுக்கு மேல் அடுக்காகச் சுற்றி, கச்சிதமாகக் கட்டி வாசற்படி ஓரம் வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மெஷினில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓடுகிற சத்தமும் முனகலாக மாறியது. மீட்டரை வைத்தேன். நூற்றுத் தொண்ணூறு வோல்ட். இன்னும் கொஞ்சம் இறங்கினால் மெஷின் தானாக நின்றுவிடும். தெருவைக் கடந்து ஓடி மாஸ்டரின் பிளக்கில் அளந்தேன். அங்கே சுளையாக இருநூற்று முப்பது.

நாற்பது வோல்ட் வழியில் காணாமல் போகிறது. திரும்பி வந்து, கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரால் வயரின் ஒரு இழையைக் கவ்விப் பார்த்தேன். நாலு ஆம்பியர். மெஷின் இழுப்பது இரண்டுதான். மீதி இரண்டு யாருடையது?

“அண்ணி, பலகையில வேற எதையாவது மாட்டினீங்களா?”

“கெட்டில் போட்டேன். உங்க அண்ணன் நெஞ்சுக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர். சின்னக் கெட்டில்தானே.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் வாய் திட்டுவதற்குள் மனசு கணக்கைப் போட்டுவிட்டது. நாற்பதை நாலால் வகுத்தால் வயருக்குப் பத்து ஓம். நாற்பதை நாலால் பெருக்கினால் நூற்றறுபது வாட். கெட்டில் தண்ணீரைச் சூடாக்குகிற நேரத்தில் வயரும் தன் பங்குக்குச் சூடாகிக்கொண்டிருக்கிறது. நீட்டிக் கிடக்கிற பாதிக்குக் காற்றுப் படுகிறது. சுருட்டி வைத்த பாதிக்கு?

வாசலுக்கு ஓடினேன். சுருளைக் காணவில்லை. ஒரு தடித்த போர்வை மட்டும் குவிந்து கிடந்தது.

“நாலு பேர் வந்துபோற இடம், யாரும் மிதிச்சிரக் கூடாதுன்னு நான்தான் மூடினேன்,” என்றாள் அண்ணி, என் முகத்தைப் பார்த்துக் குரல் இறங்கி.

போர்வையை இழுத்தேன். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் முகத்தில் அடித்தது. கெட்டிலைப் பிடுங்கச் சொன்னேன். ஆம்பியர் இரண்டானது, மெஷினுக்கு இருநூற்றுப் பத்து வோல்ட் வந்தது. கரண்ட் பாதியானால் சூடு கால் பங்காகிவிடும், நாற்பது வாட்தான். ஆனாலும் உள்ளடுக்குகள் ஏற்கெனவே இளகி, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இரண்டு செம்பு இழைகள் தொட்டுக்கொண்டால் மாஸ்டர் கடையில் ஃபியூஸ் போகும், இங்கே தீப்பிடிக்கும், மெஷின் நிற்கும். பிரிக்கவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது. இவ்வளவு இறுக்கிக் கட்டிய என் கையை என்ன செய்தால் தகும்.

சுருளை அப்படியே வெட்டி எறிந்துவிட்டு முனைகளைச் சேர்த்தால்? வயர் பாதி. அப்படியானால் ஐந்து ஓம். இழப்பு பத்து வோல்ட், மெஷினுக்கு இருநூற்று இருபது. கணக்கு சுத்தம். ஆனால் சேர்த்து முடிக்கும்வரை கரண்டை நிறுத்த வேண்டும். அதுவரை அண்ணன் தாங்குவானா என்பதற்கு என்னிடம் எந்தக் கணக்கும் இல்லை.

“அண்ணா, மெஷினை நிறுத்தணும். ரெண்டே ரெண்டு ஜாயிண்ட்.”

“உன் ஜாயிண்ட்டா?” அவன் மூச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னான். “நீ அழகு பார்த்து... முடிக்கிறதுக்குள்ள... நான் போய்ச் சேர்ந்துடுவேன். அசிங்கமாப் போடு.”

அண்ணி அவன் முதுகைத் தாங்கி நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

“மாஸ்டர், பிளக்கைப் பிடுங்குங்க,” என்று வாசலிலிருந்து எதிர்க்கடைக்குக் கத்தினேன்.

மெஷின் அடங்கியது. வெட்டினேன். வயரின் தோலைப் பல்லால் உரித்தேன். முதல் ஜாயிண்ட்டை முறுக்கும்போது உள்ளே அண்ணனின் மூச்சு விசில் போலக் கேட்டது. டேப் விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இரண்டாவதை முறுக்கும்போது அந்த விசில் கேட்கவில்லை. கூப்பிட்டுப் பார்க்கவும் பயம். பட்டறையில் யாராவது இப்படி முறுக்கியிருந்தால் கையில் தட்டியிருப்பேன். டேப்பைக் கன்னாபின்னாவென்று சுற்றினேன்.

“மாஸ்டர், போடுங்க.”

மெஷின் உறுமிப் பிடித்தது. ஓடிப்போய்ப் பலகையில் மீட்டரை வைத்தேன். இருநூற்று இருபது. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மாறவில்லை. அதைவிட்டுக் கண்ணை எடுத்தால் கட்டிலைப் பார்க்க வேண்டும், அதற்கு எனக்குத் தைரியமில்லை.

அண்ணி என் கையிலிருந்து மீட்டரை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“அதைப் பார்த்தது போதும். ஆளைப் பாரு.”

பார்த்தேன். உதட்டில் நீலம் இன்னும் போகவில்லை. ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது, மறுபடியும் ஏறியது. நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பேச மூச்சு போதாமல், கிட்டே வரச் சொல்லி அண்ணன் விரலை மட்டும் அசைத்தான்.