பதினேழாம் பக்கம்

"கையை எடுங்க ஸ்ரீவத்சன்!"

ஓடி வந்த வேகத்தில் யூனிஸ், மவுஸ் மேலிருந்த கம்ப்யூட்டர் வாத்தியாரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். திரையில் கேள்வி அப்படியே நின்றது: 'இந்தக் கட்டுரையை நிரந்தரமாக நீக்கவா?'

"மேடம், என் மேல பாயாதீங்க. ஹெச்.எம். ஆர்டர். ஃபங்ஷன் ஆரம்பிக்கிறதுக்குள்ள கெசியாவோட ஃபைல் இருக்கக் கூடாதுன்னுட்டார்."

"லைப்ரரியன் நான். எனக்குத் தெரியாம என் லைப்ரரியிலேருந்து ஒரு கட்டுரை போகுமா? நாளைக்கு என்னையும் டெலீட் பண்ணுவீங்களா?"

"அதுக்கு எனக்கு பர்மிஷன் கிடையாது மேடம்."

யூனிஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

தாம்பரத்தில் இருக்கும் அந்தப் பள்ளிக்கு ஒரு டிஜிட்டல் களஞ்சியம் வேண்டும் என்று நாலு வருஷமாக நச்சரித்தவள் அவள். பொங்கல் முடிந்ததும் கம்ப்யூட்டர்களும் ஸ்கேனரும் வந்து இறங்கின. அன்றிலிருந்து பழைய ஆண்டு மலர்கள், மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகள் என்று ஒவ்வொன்றாக ஏற்றி, எழுதியவர் பெயரைப் போட்டு வைத்தாள். இதுவரை வெளியாட்கள் யாரும் பார்க்க முடிந்ததில்லை. இன்று விழாவில் பொத்தானை அழுத்தினால் ஊர் உலகம் முழுக்கப் படிக்கலாம். அழுத்தப் போகிறவர், கம்ப்யூட்டர்களை வாங்கிக் கொடுத்த அடுக்குமாடிக் கம்பெனியின் முதலாளி.

அந்தக் கம்ப்யூட்டர்கள் வருவதற்கு முன்பே, களஞ்சியத்துக்கென்று முதன்முதலில் ஃபைலாக வந்து சேர்ந்தது கெசியாவின் கட்டுரைதான். பிளஸ் டூ மாணவி. பள்ளிக்கரணையில் வீடு. ஒரு வருஷம் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொசுக்கடியில் நின்று, பறவைகளைப் பார்த்து எழுதி, தன் கையாலேயே படமும் வரைந்தவள்.

"எதுக்கு நீக்கணுமாம்?"

ஸ்ரீவத்சன் தலையைக் குனிந்துகொண்டான். "காப்பியடிச்சுட்டாளாம்."

யூனிஸ் கணினியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் சுருட்டிக்கொண்டு நடந்தாள். "வாங்க என்கூட!"

தலைமையாசிரியர் அறையில் கெசியா நின்றுகொண்டிருந்தாள். எதிரே வெள்ளைத்தாள், பேனா. கண்கள் சிவந்திருந்தன, ஆனால் பேனாவைத் தொடவில்லை.

"வாங்க யூனிஸ்" என்றார் தலைமையாசிரியர் வேதசிரோமணி, புதுக் கோட்டின் பொத்தானைப் போட்டபடி. "உங்க எழுத்தாளரோட லட்சணத்தைப் பாருங்க."

மேஜை மேல் ஒரு பளபளப்பான புத்தகத்தைத் தள்ளினார். விழாவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கக் கம்பெனி அச்சடித்து அனுப்பியது. 'பறவைகளின் பக்கத்து வீட்டில் குடியேறுங்கள்' என்று அட்டையில் இருந்தது. உள்ளே கெசியாவின் வாக்கியங்கள். கெசியாவின் படங்கள். கெசியாவின் பெயர் மட்டும் இல்லை.

"மிஸ், நான் வரைஞ்சது மிஸ்! அந்த நீலத்தாழைக்கோழிக்கு ஒரு கால் கோணலா போட்டுட்டேன். அந்தக் கோணல்கூட அப்படியே இருக்கு!"

"அதாவது, இதைப் பார்த்து நீ கோணலோட வரைஞ்சிருக்கே" என்றார் வேதசிரோமணி. "உங்கப்பா அந்தக் கம்பெனியிலதானே டிரைவர்? ஆபீஸ்ல கிடந்ததை எடுத்துட்டு வந்து குடுத்திருப்பார்."

"எங்கப்பாவைப் பத்திப் பேசாதீங்க சார்!"

"குரலைக் குறை! எழுது. 'பிறர் எழுத்தைத் திருடினேன், மன்னிக்கவும்'னு எழுதிக் கையெழுத்துப் போடு. விஷயம் இந்த ரூமோட முடிஞ்சிடும். இல்லையா, டி.சி. வாங்கிட்டுப் போ."

யூனிஸ் கெசியாவின் பக்கத்தில் போய் நின்றாள். பதினேழு வயதுப் பெண்ணைத் திருடி என்கிறார்கள். அப்பனைத் திருடன் என்கிறார்கள். அதையும் அவள் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள்!

"சார், இந்தக் கட்டுரை போன டிசம்பர்லயே என் கைக்கு வந்தாச்சு. லைப்ரரியோட பழைய கம்ப்யூட்டர்ல தேதி இருக்கு."

"கம்ப்யூட்டர் உங்க கையில. தேதியும் உங்க கையில. நீங்க சொன்னா, நாலு கோடி ரூபாய்க்கு ஃபிளாட் விக்கிறவர் நம்பிடுவாரா? இந்த மெஷினுக்கெல்லாம் அவர் ஆபீஸ் வாசல்ல நான் எத்தனை நாள் காத்துக் கிடந்தேன்னு தெரியுமா உங்களுக்கு?"

ஜன்னலுக்கு வெளியே வாட்ச்மேன் தலை தெரிந்தது. "சார், கேட்டாண்ட கம்பெனி பேனரு நம்ம ஸ்கூல் பேரை மறைச்சுகினு கீது. இன்னா பண்றது?"

"மறைச்சா மறைக்கட்டும், போய்யா!"

அந்த நேரம் பார்த்து விமானப்படை விமானம் ஒன்று தாழப் பறந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. வழக்கம்போல எல்லாரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். யூனிஸ் மட்டும் புத்தகத்தைப் புரட்டினாள். நீலத்தாழைக்கோழி இருந்த பக்கத்தில் அவள் விரல் நின்றது. குனிந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு விரலை வைத்தபடியே புத்தகத்தை மூடினாள்.

சத்தம் ஓய்ந்தபோது அவள் குரல் தணிந்திருந்தது.

"சார், டிசம்பர்ல இந்தக் கட்டுரையைப் பேப்பர்ல கேட்டீங்க. ஸ்கிரீன்ல படிச்சா கண்ணு எரியுதுன்னு."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"நான் எடுத்ததே ஒரு பிரிண்ட்தான். அதைக் கொண்டுவந்து உங்ககிட்ட குடுத்தேன். அது எங்க சார்?"

"பெருங்களத்தூர்ல, என் வீட்டு பீரோவுல. பத்திரமா பூட்டி வெச்சிருக்கேன்."

"நடுவுல யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

"என்ன, போலீஸ் விசாரணையா? என் கையை விட்டு எங்கேயும் போகலை. என் பொண்டாட்டிகூட அதைத் தொட்டதில்லை. போதுமா?"

"போதும் சார். ஸ்ரீவத்சன், கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன் மேடம்" என்றான் அவன்.

வெளியே கார் ஹாரன். பேண்டு வாத்தியம் முழங்கத் தொடங்கியது. வேதசிரோமணி எழுந்தார். "வந்துட்டார். வழி விடுங்க."

யூனிஸ் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"ஒரே நிமிஷம். லைப்ரரிக்காரங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு சார். முதல் பக்கத்துல முத்திரை குத்துவோம், அது எல்லாருக்கும் தெரியும். உள்ளே இன்னொரு பக்கத்துலயும் குத்துவோம். அது எந்தப் பக்கம்னு வெளியே சொல்ல மாட்டோம். முன்பக்கத்தைக் கிழிச்சு எறிஞ்சாலும் பொருள் யாருதுன்னு தெரியணும் இல்லையா? நம்ம லைப்ரரிக்கு அது பதினேழாம் பக்கம். என் மேஜையைத் தாண்டுற எந்தக் காகிதமானாலும் கை தானா குத்திடும். கெசியாவோட கட்டுரையில பதினேழாம் பக்கம், இந்தப் பறவை."

விரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். கோணல் காலோடு நிற்கும் பறவை. அதன் பின்னால், கோரைப்புற்களின் நடுவே, கவனித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற வெளிறிய ஊதா முட்டை வடிவம். பாதிப் பெயர் புல்லில் மறைந்திருந்தது. '…பள்ளி நூலகம், தாம்பரம்' என்பது மட்டும் தெளிவாக அச்சாகியிருந்தது.

பேனாவுக்கு எதிரே நின்ற கெசியா நிமிர்ந்தாள்.

"இவ வரைஞ்ச தாள்ல இந்த முத்திரை இல்லை சார். கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபைல்லயும் இல்லை" என்றாள் யூனிஸ். "இது இருக்கிறது ஒரே ஒரு பிரதியில. உங்க கையை விட்டு எங்கேயும் போகாத பிரதியில."