வலது கைச் சட்டைகள்

வீட்டுக்குள்ளேயே ஒரு திருடி இருக்கிறாள் என்பதில் டெய்லரம்மாவுக்கு இம்மியும் சந்தேகமில்லை. அதுவும் யார்? கூடப் பிறந்த தங்கச்சி! பக்கவாதத்தில் வலது கையும் காலும் வராமல் போன மாமாவைப் பார்த்துக்கொள்ள ஒத்தாசையாக இருக்கிறேன் என்று பெட்டியோடு வந்து இறங்கியவள்.

முதலில் காணாமல் போனது கத்தரிக்கோல். சும்மா கத்தரிக்கோலா அது? கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் கையில் இருப்பது. காகிதம் வெட்டக்கூட யாருக்கும் தரமாட்டாள். கேட்டால் தங்கச்சி, "எங்கயாவது வெச்சிருப்ப, கிடைக்கும்க்கா" என்று திருட்டு முழி முழித்தாள்.

அதற்கப்புறம் சட்டைகள். வராத கையை மடக்கி நுழைக்க முடியாதே என்று, வலது கைத் தையலை அக்குள்வரை பிரித்து, நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி புருஷனுக்காக அவளே யோசித்துத் தைத்தவை. முதல் சட்டையைப் பார்த்து டாக்டரே மெச்சினார். அது நைந்துபோன பிறகு தைத்ததில் ஒன்றுகூட இப்போது அலமாரியில் இல்லை. மனுஷன் தொளதொள பனியனோடு கிடக்கிறார்.

போதாக்குறைக்கு, வலது தோளைத் தொட்டாலே முகம் சுளிக்கிறார். இடது புஜத்தில் பிளாஸ்திரி வேறு. கொசு கடித்துச் சொறிந்துகொண்டாராம், தங்கச்சி சொல்கிறாள்! வலது கை வராத மனுஷன் இடது புஜத்தை எந்தக் கையால் சொறிவார்? பொய் சொல்வதற்கும் ஒரு பொருத்தம் வேண்டாமா?

நேற்றுத் தங்கச்சி குளியலறைக்குள்ளிருந்து போனில் குசுகுசுப்பது காதில் விழுந்தது. வெளியூரில் இருக்கும் மகனிடம்தான். "உங்கம்மா கையில இனிமே உங்கப்பாவை விட முடியாதுப்பா. நீ வந்து ஒரு முடிவு பண்ணு."

ஓஹோ, அவரை ஏதாவது இல்லத்தில் தள்ளிவிடத் திட்டமா? குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்துவிட நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதா? அவரும் இல்லாவிட்டால் எனக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது?

கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று காத்திருந்தாள். இன்று மத்தியானம் தங்கச்சி மருந்துக்கடைக்குக் கிளம்பியதும் அவள் பெட்டியைக் கவிழ்த்தாள். அடியில், அத்தனை சட்டையும்!

"பாத்தீங்களா உங்க மச்சினிச்சி லட்சணத்தை?" என்று கட்டிலுக்கு ஓடினாள். "வாய்க்கு வாய் மாமா மாமாங்கறாளே!"

"வே...ணாம்" என்றார் அவர், குழறலாக.

"என்ன வேணாம்? அவளுக்குப் பயமா? கையைக் குடுங்க."

வலது கையைத் தூக்கிச் சட்டைக்குள் விட்டாள். போகவில்லை. வலது பக்கம் முழுசாகத் தைத்து மூடியிருந்தது. நாடா இடது பக்கம் தொங்கியது. அடுத்த சட்டையை எடுத்தாள். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"பாவி! மாத்தித் தைச்சு வெச்சிருக்கா!"

சட்டையை உள்பக்கம் புரட்டினாள். நூல் முடிகிற இடத்தில் திருப்பி இரண்டு தையல், குறுக்கே ஒன்று. அவள் ஒருத்திதான் இப்படி முடிப்பாள். தங்கச்சிக்குப் பொத்தான் தைக்கவே வராது.

இந்தச் சட்டைகளைத்தானே தினமும் மாட்டிவிட்டேன்? இந்த மூடிய கைக்குள்தானே அவர் கையை முறுக்கி முறுக்கித் திணித்தேன்?

அவருடைய இடது கை தலையணையை அழுத்திப் பிடித்திருப்பதை அப்போதுதான் பார்த்தாள். விலக்கினாள். அடியில் கத்தரிக்கோல்.

"நான்... தான்" என்றார்.

வாசலில் மருந்துப் பையோடு தங்கச்சி நின்றிருந்தாள். கவிழ்ந்து கிடந்த பெட்டியைப் பார்த்தும் அவளுக்குக் கோபம் வரவில்லை.

"அவர் போட்டிருக்கும்போதே நீதான் சட்டைக் கையைப் பிரிக்கறேன்னு வெட்டினக்கா. புஜத்துல பட்டிருச்சு. மாமாதான் பிடுங்கி ஒளிச்சு வெச்சாரு. மறுநாள் உனக்கு ஞாபகமே இல்ல. உங்கிட்ட சொல்லவேணாம், நீ தாங்கமாட்டன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. அதான் சட்டையெல்லாம் நான் எடுத்து மறைச்சேன்."

"எம் பையனை எதுக்குடி கூப்பிட்ட?"

"உன்னை டாக்டர்கிட்ட காட்டத்தான்."

டெய்லரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிளாஸ்திரியைத் தொடப்போனவள் விரலை இழுத்துக்கொண்டாள். தன் கையைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள். தங்கச்சி பதறி ஓரடி முன்னால் வந்தாள். டெய்லரம்மா அதை மூடி, மறுபடியும் தலையணைக்கு அடியிலேயே செருகினாள்.

"நான் கேப்பேன்" என்றாள் புருஷனிடம். "திருடிட்டீங்கன்னு கத்துவேன். குடுத்துடாதீங்க."