குறைந்த புள்ளிக்குத் தேத்தண்ணி

ஜேர்மனியின் எசன் நகரில் மாலை வகுப்பில் ஜேர்மன் படிக்கும் கொறற்றிக்கு அன்று கடைசிச் சோதனை. வகுப்பின் முன் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். தேறினால் சான்றிதழ். அது கையில் இருந்தால்தான் தாதி உதவியாளர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். ஆறு மணி பஸ்ஸைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு.

கீழ்மாடியில் இருக்கும் கொரியத் தாதி திருமதி பார்க் சொன்ன கதையை ஒன்பது அட்டைகளில் எழுதி, இலக்கமிட்டு வைத்திருந்தாள். பழைய கொரியாவில் பெரிய வீட்டுப் பெண்கள் ஆண் வைத்தியர் தொட்டுப் பார்க்கக் கை நீட்டுவதைவிடச் சாவதே மேல் என்று கிடந்தார்கள். அதனால் அடிமைச் சிறுமிகளைப் பிடித்து நாடி பார்க்கவும் ஊசி குத்தி நோய் தீர்க்கவும் படிப்பித்தது அரசு. எத்தனை உயிரைக் காத்தாலும் அவர்கள் அடிமைகள்தான். எட்டாம் அட்டையில் எப்போதும் அவளுக்கு நாக்குத் தடுக்கியது. இந்த மண்டைக்கு ஜேர்மன் ஏறாது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"கொறற்றி, தேத்தண்ணி!"

முன்னறையில் அண்ணன் லோறன்ஸும் அவன் கூட்டாளி நித்தியானந்தனும் தங்கள் சங்கத்துக்கு மாதர் அணி தொடங்க அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணியிலிருந்து எழுதியது இரண்டு வரி. குடித்தது ஆளுக்கு நாலு கோப்பை.

"இதுதான் கடைசி. எனக்குச் சோதினை இருக்கு," என்று ஐந்தாவதை வைத்தாள்.

"என்னத்தைப் பற்றிப் பேசப்போறாய், தங்கச்சி?" என்றான் நித்தியானந்தன்.

"கொரியாவில அந்தக் காலத்து வைத்தியப் பொம்பிளையளைப் பற்றி, அண்ணை."

"ஊரில எங்கட சனம் சாகுது. இவவுக்குக் கொரியாக்காரி!" என்றான் லோறன்ஸ். ஒரு மிடறு குடித்தான். "சீனி காணாது."

சீனி கொண்டுவந்தாள். திரும்பிப் போய் அட்டைகளை எண்ணினால் எட்டுத்தான். மறுபடி முன்னறைக்கு ஓடினாள். ஒன்று தட்டத்தோடு ஒட்டிப் போயிருந்தது. அதன்மேல் இப்போது லோறன்ஸின் கோப்பை இருந்தது. தூக்கிப் பார்த்தாள். எட்டாம் அட்டை. நீல மை முழுதும் கரைந்து, ஒரு வட்டம் மட்டும் மிச்சம்.

மணி ஐந்து ஐம்பது.

"அப்பிடி என்ன பெரிசா எழுதியிருந்தனீ?" என்றான் அண்ணன்.

எரிச்சலில் அவள் அந்த அட்டை முழுவதையும் ஜேர்மனில் சொன்னாள். ஓரிடத்திலும் தடுக்கவில்லை. பிறகு தமிழில் சொன்னாள்: "சோதினையில குறைஞ்ச புள்ளி எடுத்தவளை வைத்தியத்திலயிருந்து இறக்கித் தேத்தண்ணி ஊத்த விடுவினமாம்!"

நித்தியானந்தன் வெடித்துச் சிரித்தான். "டேய் லோறன்ஸ், அதே வகுப்பில நீ ரெண்டுதரம் பெயிலெல்லோ!"

கொறற்றி சிரிக்கவில்லை. தட்டத்தை அண்ணனின் மடியில் வைத்தாள். நனைந்த அட்டையை அங்கேயே விட்டு, மற்ற எட்டையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

வீட்டுக்கு எதிரே பஸ் கதவைப் பிடிக்கும்போது மேலே ஜன்னல் திறந்தது.

"கொறற்றி! தேயிலை எங்க வைச்சனீ?"

திரும்பிப் பார்க்காமல் ஏறி, ஏழாம் அட்டையை எடுத்தாள். எட்டாவது வாயிலேயே இருந்தது.